கையில் முஸ்தபா: இரண்டு வருட அனுபவம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கடையில் ஒரு காயின் ஒரு ரூபாய். பள்ளி விட்டதும் முஸ்தபா ஆடுவதற்கு அங்கே இடம் கிடைக்காது. அதன் நிஜப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’, 1993-இல் காப்காம் கொண்டுவந்தது என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். மஞ்சள் தொப்பிக்காரன் ஓடிவந்து எகிறி உதைப்பான். அவன் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. அந்த உதைக்காகத்தான் பழைய வீடியோ கேம்களை ஆடுவதற்கான, மூன்றரை இஞ்ச் திரை கொண்ட கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடமாக அநேகமாகத் தினமும் ஆடுகிறேன்.

அதில் ஆட்டங்களை ஓட்டுவது எமுலேட்டர், பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். எமுலேட்டர் எதற்கு, விலைக்கு வாங்கி ஆடலாமே என்று கேட்பார்கள். கிடைப்பதை நான் வாங்கத்தான் செய்கிறேன். ஆனால் 2018-இல் காப்காம் தன் அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டபோது ‘ஃபைனல் ஃபைட்’ வந்தது, ‘கேப்டன் கமாண்டோ’ வந்தது, முஸ்தபா வரவில்லை. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த காமிக்ஸுக்கு உரிமம் வாங்கிச் செய்த ஆட்டம் அது. எமுலேட்டர் எழுதியவர்கள் இல்லையென்றால் கடை இயந்திரங்களின் பழைய சர்க்யூட் போர்டுகளோடு அதுவும் மண்ணுக்குப் போயிருக்கும். 1997-இல் நிக்கோலா சால்மோரியா ‘மேம்’ எமுலேட்டரை வெளியிட்டதிலிருந்து எத்தனையோ பேர் சம்பளம் இல்லாமல் உழைத்ததால்தான் இன்று இது என் உள்ளங்கையில் ஓடுகிறது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இனி கருவி. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரைப் பற்றிக் கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் ஆர்கேட் ஆட்டங்களில், அதாவது கடையில் காயின் போட்டு ஆடிய ஆட்டங்களில், பெரும்பாலானவற்றை மலிவான சிப்பே ஓட்டிவிடும். முதலில் பார்க்க வேண்டியது திரை.

என் திரை 640×480 புள்ளிகள். நியோஜியோ என்ற ஆர்கேட் இயந்திரத்தின் ஆட்டங்களில் படம் 320×224. இரண்டால் பெருக்கினால் 640×448, மேலும் கீழும் பதினாறு வரி மட்டும் கறுப்பு. அச்சில் வார்த்தது போல் உட்காரும். ‘மெட்டல் ஸ்லக்’ ஆடும்போது அந்தக் குட்டிச் சிப்பாயின் சட்டைச் சுருக்கம்கூடத் தெரியும். முஸ்தபா அப்படியில்லை. அதன் படம் 384×224, கடையில் இருந்த டிவி அதை நாலுக்கு மூன்றாக ஒடுக்கிக் காட்டியது. 384 புள்ளிகளை 640-இல் பரப்பினால் ஒரு புள்ளிக்கு ஒன்றே முக்கால் கூட வராது. ஆகவே சில புள்ளி ஒல்லி, சில புள்ளி குண்டு. நிற்கும்போது தெரியாது, நடக்க ஆரம்பித்தால் முகம் நெளியும். முதல் ஒரு மாதம் ஏதோ உறுத்துகிறதே என்று எனக்குப் பிடிபடவில்லை. எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் செயலியில் ‘ஷார்ப் பைலீனியர்’ என்ற ஷேடரை, அதாவது படத்தைச் சீராக்கும் வடிகட்டியைப் போட்டதும் நெளிவு அடங்கியது. விளிம்பு மட்டும் இம்மியளவு மங்கும், அது கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது.

நிமிர்ந்த திரைக்காகச் செய்த ஆட்டங்களைச் சிறிய கருவியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘பேக்மேன்’ 224×288. என் திரையில் அது நாலு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. ‘1942’ ஆட்டத்தில் எதிரி விமானம் சுடும் குண்டைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

‘மார்ட்டல் காம்பட்’ லேசாகத் திக்கும். அதன் போர்டு நொடிக்கு 54.7 முறை படம் வரைந்தது. நொடிக்கு 60 முறை படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சில படங்கள் இரட்டிக்கும், அவ்வளவுதான். அதேபோல ‘மெட்டல் ஸ்லக் 2’ கூட்டம் சேர்ந்ததும் தவழ்ந்தால் கருவி திணறுகிறது என்று நினைக்க வேண்டாம். அசல் போர்டும் அப்படித்தான் திணறியது, எமுலேட்டர் அதை உள்ளபடியே செய்கிறது. 1999-இல் வந்த ‘மெட்டல் ஸ்லக் எக்ஸ்’ அதைத் திருத்திய பதிப்பு, அதை ஆடுங்கள்.

பலரும் வெறுத்துப்போய்க் கைவிடுவது ரோம் கோப்புகளில், அதாவது போர்டிலிருந்து நகலெடுத்த ஆட்டக் கோப்புகளில். ஒவ்வொரு எமுலேட்டர் பதிப்புக்கும் அதற்கேற்ற தொகுப்பு வேண்டும். ‘மேம் 2003 பிளஸ்’ பழைய தொகுப்பைக் கேட்கும், ‘ஃபைனல்பர்ன் நியோ’ புதியதைக் கேட்கும். ஒன்றுக்கானதை மற்றதில் போட்டால் கறுப்புத் திரைதான். ஜிப்பைப் பிரிக்கக் கூடாது, பெயரை மாற்றக் கூடாது. நியோஜியோவுக்கு அந்த இயந்திரத்தையே தொடங்கிவைக்கும் பயாஸ் கோப்பும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கருவியோடு வந்த மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருந்தன. பாதி திறக்கவில்லை, யாரும் உரிமம் வாங்கியதாகவும் தெரியவில்லை. எட்டாவது மாதம் அந்தக் கார்டே செத்துப்போனது, சேமித்து வைத்ததெல்லாம் போச்சு. முதல் நாளே நல்ல கார்டுக்கு மாறிவிடுங்கள், ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.

டி-பேட், அதாவது கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தான் விஷயத்தில்தான் கருவி என்னை அழவைத்தது. வலப்பக்கம் அழுத்தினால் கீழ்ப்பக்கமும் சேர்ந்து பட்டுவிடும். முஸ்தபா ஓட வேண்டிய நேரத்தில் சாய்வாக இறங்கி அடி வாங்குவான். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தில் ரியூவுக்குத் தீப்பந்து பத்துக்கு நாலு முறைதான் வந்தது. கடைசியில் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, ரப்பர் தட்டைத் தூக்கி, போர்டில் இருக்கும் நான்கு தொடுபுள்ளிகளின் வெளி ஓரத்தில் மெல்லிய டேப்பை அரிசி நுனி அளவுக்கு வெட்டி ஒட்டினேன். மூன்று தடவை பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. இப்போது பத்துக்கு ஒன்பது வருகிறது.

காயின் போட செலக்ட் பொத்தானை அழுத்தினால் போதும், எத்தனை வேண்டுமானாலும் விழும். முதல் வாரமே அப்படி அழுத்தி அழுத்தி எட்டுக் கட்டத்தையும் முடித்தேன், எதுவும் மனதில் தங்கவில்லை. அப்புறம்தான் அன்று கடைக்காரர் மட்டும் திறந்து பார்த்த சர்வீஸ் மெனுவைத் திறந்து, கடினத்தைக் கூட்டி, ஒரே காயின் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். உடனே பயம் திரும்பி வந்தது. தரையில் கிடக்கும் இறைச்சித் துண்டை இப்போதே எடுப்பதா, உயிர் குறையும்வரை விட்டுவைப்பதா என்று பன்னிரண்டு வயதில் யோசித்ததை மறுபடி யோசிக்கிறேன்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். “அப்பா, பின்னாடி ஒருத்தன் வரான் பாருங்க” என்பாள். கடையில் வரிசையில் நின்ற பையன்களும் இப்படித்தான் கத்துவார்கள். நேற்று ஆறாவது கட்டத்தின் பாஸ், அதாவது கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி வரை போனோம்.