மாருதி 800-க்கு எந்த ரயர், எந்த ரிம்?

என் பழைய மாருதி 800-இன் ரயர் ஒன்றுகூட மொட்டையாகவில்லை. ஆனாலும் நாலையும் கழற்ற வேண்டியதாயிற்று. பக்கமெல்லாம் வெடிப்பு. ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளத்துக்குக் கிழமையில் இரண்டு தரம் போய்வந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கிற கார் அது. வன்னியில் இப்படியான சின்னக் கார்களின் ரயர் தேய்ந்து முடிவதை விடக் காய்ந்து முடிவதுதான் கூட. அதனால் 'எத்தனை கிலோமீற்றர் ஓடும்' என்று நான் பார்க்கவில்லை. பக்கச் சுவர் தாங்குமா என்றுதான் பார்த்தேன்.

முதலில் ரிம். ஜப்பான் காரில் கழற்றிய 13 அங்குல அலோய் (அலுமினியக் கலவை) ரிம் ஒரு செற் மலிவாக வந்தது. பார்க்க வடிவுதான், ஆசையும் வந்தது. ஆனால் காரோடு வந்த அளவு 145/70 ஆர்12. கடைசி 12 ரிம்மின் அங்குலம். 145 மில்லிமீற்றர் அகலத்தில் 70 சதவீதம், அதாவது சுமார் 10 சென்ரிமீற்றர், பக்கச் சுவரின் உயரம். ரிம் ஒரு அங்குலம் பெருத்தால், சில்லின் மொத்த உயரம் மாறாமல் இருக்க அந்தச் சுவரில் அரை அங்குலம் குறைய வேண்டும். குழியில் விழும்போது அடியை வாங்குவது அந்தச் சுவர்தானே! சரி, 155/65 ஆர்13 போடலாம் என்றால் சில்லு ஐந்து சதவீதம் அளவில் பெரிதாகிறது. மீற்றர் 60 காட்டும்போது கார் 63-இல் ஓடும், முழுதாகத் திருப்பும்போது மட்காட்டில் உரசவும் கூடும். ரிம்மில் நட்டுப் பூட்ட நாலு ஓட்டை இருந்தால் பொருந்திவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டைகளுக்கு இடையிலான தூரமும் நடுத்துளையும் ஒத்துவர வேண்டும்.

இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், ஊர்க் கடையிலேயே முடியும். அலோய் வெடித்தால் ஒட்டித் தருவார்கள்தான், ஆனால் ஒட்டிய ரிம்மில் ஏ9 நெடுஞ்சாலையில் வேகமாகப் போக எனக்கு மனம் வராது. பழைய ரிம்மின் விளிம்பில் கறள் பிடித்திருந்தால் ரியூப்லெஸ் ரயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். சுரண்டிப் பெயின்ற் அடித்தேன், நின்றுவிட்டது.

இனி ரயர். சின்ன வான்களுக்குப் போடும் 145 ஆர்12, எட்டுப் பிளை (எட்டு அடுக்குப் பலமுள்ள) ரயரைப் பலர் சொல்வார்கள். கிறவல் ரோட்டுக்கும் முள்ளுக்கும் அது நல்ல தடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது பாரம் ஏற்றச் செய்தது. 650 கிலோ அளவிலான காரில் கல்லுக் கட்டியது போல இருக்கும், குலுக்கல் முழுக்கப் பழைய சொக் அப்சோபருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் போகும். தோட்டத்துக்கு மூட்டை ஏற்றுகிறவர் போடட்டும், நான் போடவில்லை. பழைய ரயரில் புதுப் பூ ஒட்டிய ரீபில்ட் லொறிக்குச் சரி, இந்தக் காருக்கு வேண்டாம்.

பாவித்த ரயர்தான் ஆளை ஏமாற்றும். ஆழமான பூ, பளபளப்பு, பாதி விலை. கடைத் தம்பி, "அண்ணை, புதுசு மாதிரியே கிடக்கு" என்றான். பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைத் தடவிப் பார்த்தேன்: 0814. 2014-ஆம் ஆண்டின் எட்டாவது கிழமையில் செய்தது. என் வெடித்த ரயரை விட அதற்கு வயது கூட.

கடைசியில் இரும்பு ரிம்மோடு, அதே 145/70 ஆர்12-இல் புதிய ரயர் நாலு. களனியில் செய்கிற 'சியற்' கொம்பனி ரயரா, மலிவான இறக்குமதியா என்பதில் நான் பெயரைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் செய்தது எதுவோ அதை எடுத்தேன். மிச்சக் காசில் அலைன்மென்ற் பார்த்தாயிற்று.

பழையவற்றை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மாரியில் உள்ளே தண்ணீர் தேங்கினால் நுளம்பு, அப்புறம் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாசலில் நிற்பார்.