சிறப்பு அனுமதிக் கோப்புகளைத் தேட ஃபைண்ட் கட்டளை: ஒரு மதிப்பீடு

மாணவர்கள் பலரும் ஒரே லினக்ஸ் சேர்வரில் கணக்கு வைத்துப் பழகும் கல்லடிக் கணினிக்கூடம் ஒன்றைப் பராமரிப்பவன் என்ற வகையில், சிறப்பு அனுமதி கொண்ட கோப்புகளைத் தேடிப் பிடிக்க நான் மிகவும் நம்பியிருக்கும் கருவி ஃபைண்ட் (find) கட்டளையே. அது இயங்குதளத்துடனேயே வருவதால், மாரி மழையில் இணைய இணைப்பு அறுந்த நாளிலும் வேலை நிற்பதில்லை.

செட்யூஐடி (setuid) பிட் என்னும் சிறப்பு அனுமதிக் குறி இடப்பட்ட நிரலை யார் இயக்கினாலும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடனேயே இயங்கும். சாதாரணப் பயனர் தமது கடவுச்சொல்லைத் தாமே மாற்ற முடிவது இதனாலேயே. யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சிக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுத்தந்த இந்த ஏற்பாடு பயன்மிக்கது. எனினும் அத்தகைய நிரலொன்றில் வழு இருந்தால் ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரமே பறிபோகும். வேறொரு பயனரின் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் பிகேஎக்ஸெக் (pkexec) நிரலில் 2009 முதல் மறைந்திருந்து, 2022 ஜனவரியில் வெளிப்படுத்தப்பட்ட வழு அத்தகையதே.

ஃபைண்டின் பலமும் ஆபத்தும் அனுமதியைக் கொண்டு தேடும் பேர்ம் (-perm) என்னும் ஒரே தெரிவில் அடங்கியுள்ளன. அதற்குப் பின் செட்யூஐடியைக் குறிக்கும் 4000 என்று மட்டும் எழுதினால், அனுமதி எண் மிகச் சரியாக 4000 ஆக உள்ள கோப்புகளையே அது தேடும்; 4755 என்ற அனுமதியுடன் இருக்கும் வழக்கமான செட்யூஐடி நிரல்கள் ஒன்றுகூட அகப்படாமல் போக, சேர்வர் தூய்மையாக இருப்பதாகவே தோன்றும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி இட்டால், கேட்ட பிட்டுகள் அனைத்தும் உள்ளவை வரும். சாய்கோடு இட்டு 6000 என்று எழுதினால், செட்யூஐடி, குழுவின் அதிகாரத்துடன் நிரலை இயங்கச் செய்யும் செட்ஜிஐடி (setgid) ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று உள்ளவையும் வரும். முழுமையான சோதனைக்கு இந்தச் சாய்கோட்டு வடிவமே ஏற்றது. மேக் கணினிகளில் அதற்குப் பதிலாகக் கூட்டல் குறி இட வேண்டும்.

சாதாரணக் கோப்புகளை மட்டும் தேடும் டைப் எஃப் (-type f) தெரிவைச் சேர்த்தால் அடைவுகள் விலகிப் பட்டியல் சுருங்கும். வேறு வட்டுப் பிரிவுகளுக்குள் தேடல் நுழையாமல் தடுக்கும் எக்ஸ்டெவ் (-xdev) தெரிவைச் சேர்ப்போர், பயனர்களின் கோப்புகள் உள்ள ஹோம் அடைவு தனிப் பிரிவில் இருந்தால் அதையும் பெயர் சொல்லித் தேட வேண்டும். ரூட்டாக இயக்காவிடில், படிக்க அனுமதியில்லாத அடைவுகளுக்குள் இருப்பவை தப்பிவிடும்.

குறை என்று சொன்னால், ரூட் அதிகாரத்தின் சில பகுதிகளை மட்டும் வழங்கும் கேப்பபிலிட்டி முறையில் அதிகாரம் பெற்ற நிரல்களைப் பேர்ம் காட்டாது. அவற்றுக்கு கெட்கேப் கட்டளை தனியே வேண்டும். கிடைத்தவற்றுள் எது முறையானது என்பதையும் ஃபைண்ட் சொல்லாது. ஆகவே புதிதாக நிறுவியவுடனேயே பட்டியலைச் சேமித்து, பின்னர் கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் (diff) கட்டளை கொண்டு ஒப்பிடுவதே உகந்த வழி. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொதுச் சேர்வர் நடத்துவோர் இதை வாராந்தக் கடமையாக குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் கிரோனில் (cron) இட்டு, மாணவர்களின் ஹோம் பிரிவை செட்யூஐடி பிட்டைச் செயலற்றதாக்கும் நோசூயிட் (nosuid) தெரிவுடன் மவுண்ட் செய்யுமாறு (இணைக்குமாறு) உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.