ஆர்ச் லினக்ஸில் பழைய பதிப்புக்குத் திரும்புவது: ஏழு வருட அனுபவம்

ஏழு வருடமாக வீட்டுக் கணினியில் ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. இயங்குதளத்துக்கென்று பதிப்பு எண் எதுவும் கிடையாது, புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். இத்தனை காலத்தில் அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது நின்றுபோய், பழைய பதிப்புக்குத் திரும்பியது ஐந்தாறு தடவை இருக்கும். அதில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஸ்கேனர் விவகாரம்.

அப்பாவின் பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்டேட் முடிந்ததும் ஸ்கேன் செயலி "கருவி எதுவும் இல்லை" என்றது. கேபிளை மாற்றினேன், பலனில்லை. ஆனால் யூஎஸ்பி பட்டியலில் ஸ்கேனரின் பெயர் சரியாகவே வந்தது. அப்படியென்றால் கருவியில் பிழை இல்லை, மென்பொருளில்தான்.

இந்தக் கட்டத்தில் கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் போட்டுப் பார்க்கக் கூடாது. முதலில், ஆர்ச்சில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான பேக்மேனின் லாக் கோப்பை, அதாவது பதிவேட்டைத் திறக்க வேண்டும். எந்த பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு), எத்தனை மணிக்கு, எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று வரிவரியாக இருக்கும். அன்று அறுபதுக்கு மேல் மாறியிருந்தன. ஸ்கேனரோடு தொடர்புடையவை இரண்டே இரண்டு: ஸ்கேனரை இயக்கும் டிரைவர், அப்புறம் அது சார்ந்திருக்கும் ஒரு லைப்ரரி, அதாவது பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுவான நிரல் தொகுப்பு.

நிறுவிய பேக்கேஜ்களின் பழைய கோப்புகளை பேக்மேன் தன் கேஷ் என்ற சேமிப்பு ஃபோல்டரில் அப்படியே வைத்திருக்கும். அங்கிருந்த பழைய டிரைவரை நிறுவினேன். இப்போது செயலி திறக்கவே இல்லை. டெர்மினலில் இருந்து ஓட்டியபோதுதான் காரணம் தெரிந்தது: பழைய டிரைவர் லைப்ரரியின் பழைய கோப்பைத் தேடுகிறது, டிஸ்கில் இருப்பதோ புதியது. சரி, இரண்டையும் சேர்த்தே பழைய பதிப்புக்கு இறக்க வேண்டும். அதற்கு முன் அந்த லைப்ரரியை வேறு யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று, எது எதைச் சார்ந்திருக்கிறது எனக் காட்டும் பேக்ட்ரீ கருவியில் தலைகீழாகப் பார்த்தேன். டிரைவர் மட்டும்தான். இரண்டு கோப்புகளையும் ஒரே கட்டளையில் கொடுத்ததும் ஸ்கேனர் உயிர்பெற்றது. அந்த லைப்ரரியை இருபது செயலிகள் பயன்படுத்தியிருந்தால் இந்த வழியில் போயிருக்கவே மாட்டேன்.

அடுத்த அப்டேட்டில் இரண்டும் மறுபடி மேலே போய்விடாமல் இருக்க, பேக்மேனின் அமைப்புக் கோப்பில் புறக்கணிக்க வேண்டியவற்றின் வரியில் அவற்றின் பெயரைச் சேர்த்தேன். அதற்கு மேலே தனி வரியில் தேதியையும் காரணத்தையும் குறிப்பாக எழுதினேன். இந்தக் குறிப்பு மிக முக்கியம். ஆர்ச்சில் பாதி புதிதும் பாதி பழையதுமாக வைத்திருப்பதை அதிகாரபூர்வமாகவே ஆதரிப்பதில்லை. நிறுத்திவைத்த பேக்கேஜை மறந்துவிட்டால், சில மாதங்களில் அதுவே மற்ற எல்லா அப்டேட்டுக்கும் முட்டுக்கட்டையாகும்.

கேஷ் காலியாக இருந்தால்? எனக்கு ஒருமுறை நடந்தது, டிஸ்கில் இடம் வேண்டி முழுவதையும் அழித்திருந்தேன். அப்போது காப்பாற்றியது ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ். பேக்கேஜ்கள் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியங்கள் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தன என்பது தேதிவாரியாக அங்கே இருக்கிறது. எந்த சர்வரிலிருந்து பேக்கேஜ்கள் வர வேண்டும் என்று சொல்லும் மிரர் பட்டியலில், தேவையான தேதிக்கான ஆர்க்கைவ் முகவரியைக் கொடுத்து அப்டேட் செய்தால் கணினி முழுவதையும் அந்த நாளுக்கே கொண்டுபோகலாம். ஒரு பேக்கேஜை மட்டும் இறக்குவதைவிட, பல பேக்கேஜ்கள் பின்னிக்கிடக்கும்போது இதுதான் பாதுகாப்பு. அதன்பிறகு கேஷை பேக்கேஷ் கருவியால் மட்டுமே சுத்தம் செய்கிறேன். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கடைசி மூன்று பதிப்புகளை விட்டுவைக்கும்.

இயங்குதளத்தின் மையமான கெர்னல் விஷயத்தில் பின்வாங்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலையும் கூடவே நிறுவியிருப்பதால், புதியது தகராறு செய்தால் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவேன்.

அம்மாவின் மடிக்கணினியில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நிலைப் பதிப்பு. அங்கே பேக்மேனின் இடத்தில் இருக்கும் ஆப்ட் கட்டளையில் பேக்கேஜ் பெயருக்குப் பின் சமக்குறி போட்டுப் பதிப்பு எண்ணைக் கொடுத்தால் அந்தப் பதிப்புக்கு இறங்கும், ஹோல்ட் போட்டால் அப்டேட் ஆகாமல் அங்கேயே நிற்கும். மூன்று வருடத்தில் அதைச் செய்யும் அவசியம் அங்கே ஒரே ஒருமுறைதான் வந்தது.

ஸ்கேனர் டிரைவரின் திருத்திய பதிப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. புறக்கணிப்பு வரியிலிருந்து இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டு முழு அப்டேட் செய்தேன். அன்று மாலையே மீதிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து முடித்தேன்.