இணங்கவைக்கும் வினைகளுக்கென ஒரு வகுப்பு: லாஸ்பேட்டைப் பயிற்சி பற்றிய மதிப்பீடு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடைபெறும் ஆங்கில வகுப்பு, ஒருவரை ஒரு செயலைச் செய்யத் தூண்டுவதற்கும் இணங்கவைப்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொற்களை மட்டும் பாடமாகக் கொண்ட ஒரு குறும்பயிற்சியை வழங்குகிறது. ஆறு வாரம், வாரத்திற்கு இரண்டு மாலைகள், கட்டணம் 2,400 ரூபாய். முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று சுவரெங்கும் ஒட்டியிருக்கும் ஊரில், இத்தனை குறுகிய பொருளை எடுத்துக்கொண்டதே நான் சேர்ந்ததற்குக் காரணம். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் கடற்கரைப் பக்கத்து விடுதிகளின் வரவேற்புப் பிரிவிலும் காப்பீட்டு முகவர்களாகவும் பணிபுரிபவர்கள். பிறரைச் சம்மதிக்கவைத்தால்தான் அவர்களுக்கு மாதம் ஓடும்.

பயிற்சியின் ஆகச் சிறந்த பகுதி முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. 'அர்ஜ்' என்ற வினை வற்புறுத்தியதை மட்டும் சொல்கிறது. எதிரில் இருந்தவர் கேட்டாரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 'பெர்சுவேட்' என்பதோ, கேட்டுவிட்டார் என்ற முடிவையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. எனவே, விருந்தினரை இன்னொரு நாள் தங்கும்படி 'அர்ஜ்' செய்தேன், அவர் மறுத்துவிட்டார் என்று எழுதலாம். அதே இடத்தில் 'பெர்சுவேட்' செய்தேன் என்று எழுதினால் வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், சொல்லும்போதே நிகழ்ந்துவிடும் செயலையும் சொன்னதால் கேட்பவரிடத்தில் விளையும் பயனையும் பிரித்துக் காட்ட இந்த இரு வினைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பதையும் ஆசிரியை குறிப்பிட்டார். நம் அலுவலகங்களில் "எவ்வளவோ கன்வின்ஸ் பண்ணிப் பார்த்தேன், வாங்கவே இல்லை" என்று பேசிப் பழகியிருப்பதால், அதே வினை அதே பொருளில் ஆங்கில மின்னஞ்சலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. படிக்கும் மேலாளரோ வாடிக்கையாளர் இசைந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார். இந்த ஒன்றைத் திருத்திக்கொள்வதற்கே கட்டணத்தில் பாதி தகும்.

'கன்வின்ஸ்' பற்றிய விளக்கமும் நிதானமாக இருந்தது. ஒன்றை நம்பச் செய்வதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும், செயலில் இறங்கச் செய்வதற்கு 'பெர்சுவேட்' தான் உரியது என்று பழைய இலக்கணக்காரர்கள் வகுத்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டில், முதன்மையாக அமெரிக்க வழக்கின் வழியே, அந்த வேலி தளர்ந்தது. இப்போது இரண்டு வழக்குகளும் செல்லும் என்பதைச் சொல்லிவிட்டு, தேர்வு எழுதுபவர்கள் மட்டும் பழைய பிரிவினையைக் கைக்கொள்வது பாதுகாப்பு என்று அவர் அறிவுறுத்தினார்.

அடுத்த வாரங்கள் வாக்கிய அமைப்புக்கு உரியவை. பயிற்சி கடுமையாகவே இருந்தது. 'அட்வைஸ்' செய்யப்படுபவரை வினையை அடுத்து நிறுத்தி, பின்னர் 'டு' சேர்த்துச் செயலைச் சொல்லலாம். 'சஜஸ்ட்' அதற்கு இடம் கொடுக்காது. ஆனாலும் 'ஹீ சஜஸ்டட் மீ டு கோ' என்பது நம்மவர் நாவில் ஊறிப்போன வாக்கியம். பிரெஞ்சு படித்த மாணவர் இருவர் 'ஹீ சஜஸ்டட் டு மீ டு கோ' என்று இன்னொரு விதமாகத் தவறினார்கள். பிரெஞ்சில் அந்த அமைப்பு முறையானதே என்பதால், புதுச்சேரிக்கே உரிய இந்தப் பிழையை ஆசிரியை சிரித்துக்கொண்டே திருத்தினார். 'சஜஸ்டட் தட் ஹீ கோ' என்பதில் வினை ஏன் 'கோஸ்' என்றோ 'வென்ட்' என்றோ மாறாமல் வெறுமனே நிற்கிறது என்பதற்கும், 'மேக்' என்பதற்குப் பின் வராத 'டு', செயப்பாட்டு வாக்கியத்தில் மட்டும் 'வாஸ் மேட் டு கோ' என்று திரும்பி வந்துவிடுவதற்கும் ஒரு முழு மாலை செலவானது. பேசி இணங்கவைப்பதைச் சொல்லும் 'டாக் இன்டு', பேசித் தடுத்துவிடுவதைச் சொல்லும் 'டிஸ்வேட் ஃப்ரம்' போன்றவற்றை ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள்.

அச்சிட்டுத் தந்த கையேட்டைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல முடியாது. ஏராளமான வினைகள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது கனிவானது, எது இழிவுக் குறிப்புடையது, எதை மேலதிகாரிக்கு எழுதலாம் என்ற தகவல் எதுவும் இல்லை. 'கோக்ஸ்' (coax) பொறுமையாக நயந்து பேசுவது, 'கோட்' (goad) தார்க்குச்சியால் குத்துவது. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான். 'எக் ஆன்' என்பதற்கு முட்டைப் படம் போட்டிருக்கிறார்கள். அச்சொல்லுக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை. அது தூண்டுதல் என்ற பொருளுடைய பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது, பெரும்பாலும் ஒருவரை அசட்டுச் செயலுக்கு ஏவிவிடுவதையே குறிப்பது. உடன் படித்த ஒருவர் தம் மேலாளருக்கு நன்றி தெரிவிக்கும் மாதிரிக் கடிதத்தில் அதே வினையைப் பயன்படுத்தினார்; கடிதம் திருத்தப்படாமலேயே திரும்பி வந்தது.

எழுத்துப் பயிற்சி போதாது என்பதே என் முதன்மையான குறை. ஆங்கிலச் செய்தித்தாள் தலைப்புகள் 'அர்ஜஸ்' என்ற சொல்லை விடாமல் எடுத்தாள்வது அது சுருக்கமானது என்பதால், ஐ.நா. அறிக்கைகள் அதை விரும்புவது, கட்டாயப்படுத்த அதிகாரமில்லாத இடத்திலும் அழுத்தம் தர முடிகிறது என்பதால். அதே சொல்லைக் கிளை மேலாளருக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பத்தில் போட்டால் ஆணையிடுவதுபோல் ஒலிக்கும். இத்தகைய ஒப்பீடுகளுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம்.

கடைசி வாரத்தில் அடுத்த நிலைப் பயிற்சியில் சேரச் சொல்லித் தொலைபேசி அழைப்புகள் ஓயாமல் வந்தன. நான் சேரவில்லை, ஆகவே அங்கே நடந்தது 'அர்ஜ்' மட்டுமே.

இலக்கண அடிப்படை ஓரளவு உள்ளவர்களுக்கும் வேலையில் நாள்தோறும் ஆங்கில மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கும் இப்பயிற்சி ஏற்றது. தொடக்க நிலையினர் இரண்டாம் வாரத்திலேயே திணறுவார்கள். வகுப்பு மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கமிருந்து வருபவர்கள் ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பின் மாலை நெரிசலையும் கணக்கில் கொண்டு புறப்பட வேண்டும். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். இரண்டு தவணையாகத் தருவதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.