ஃப்ராக் வெட்டும் கருவிகள்: உப்புத் தண்ணீரில் எது நின்றது?

பவளத் தொட்டி வைத்திருக்கும் பலரும் ஃப்ராக் (தனியாக ஒட்டி வளர்க்க வெட்டியெடுக்கும் பவளத் துண்டு) வெட்ட ஆரம்பிக்கும்போது முதலில் வாங்குவது ஜிப் வைத்த ஒரு கருவிப் பை. கட்டர், நேர் கத்தரி, வளைந்த கத்தரி, நீள இடுக்கி, கத்தி எல்லாம் பளபளவென்று வரிசையாகச் செருகியிருக்கும். சில வருடங்கள் புழங்கிய பிறகு சொல்கிறேன்: அதில் உருப்படியாக வேலைக்கு ஆவது கட்டரும் கத்தியும்தான். அந்த இரண்டையும் தனித்தனியாக, கொஞ்சம் நல்லதாகவே வாங்கிவிடலாம்.

நான் இருப்பது சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. யாராவது ரகசியமாக விற்றாலும் தொடாதீர்கள்.

சரி, கருவிக்கு வருவோம். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா, தட்டுத் தட்டாகப் படரும் மான்டிபோரா இரண்டுக்கும் எலும்பு வெட்டும் கட்டர் போதும். கிளையின் அடியில் வாயை வைத்து ஒரே அழுத்து, டக்கென்று விட்டுவிடும். தயங்கித் தயங்கி அழுத்தினால் பவளத்தின் சுண்ணாம்புக் கூடு நொறுங்கி ஓரத்துச் சதையும் உரியும்.

கட்டரின் உண்மையான சோதனை வெட்டில் இல்லை, துருவில் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்று மேலே அச்சடித்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 420 ரக எஃகுதான் போடுகிறார்கள். கூர் நன்றாக நிற்கும். ஆனால் கடல் நீரில் உள்ள குளோரைடு அதைச் சும்மா விடாது. மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் கூர் நிற்கும் அளவுக்கு அதைக் கடினப்படுத்த முடியாது. ஆக, துருவே பிடிக்காத, கூரும் மழுங்காத கட்டர் என்று யாராவது விற்றால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். என் முதல் கட்டரின் வாய் கடைசி வரை பளபளப்பாகத்தான் இருந்தது. மூட்டுக்குள் உப்பு தங்கி, பழுப்பு நிறத்தில் கசிய ஆரம்பித்து, ஒருநாள் ஸ்பிரிங் ஒடிந்தது. இப்போது வைத்திருப்பதில் மூட்டு திறந்தாற்போல் இருக்கிறது, தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். வேலை முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் அலசி, மூட்டைத் திறந்து மூடித் துடைத்து, ஒரு சொட்டு மினரல் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். அடுத்த முறை தொட்டிக்குள் விடும் முன் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

டார்ச், ஹாமர் போன்ற யூஃபிலியா வகைகளுக்குக் கட்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். கூடு குறுக்கே உடையாமல் நீளவாக்கில் பிளந்து, விரிசல் சதை வரை ஏறிவிடும். கிழிந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ் படர ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் அந்தக் கிளையின் தலை காலி. இதற்கு அறுக்கும் கருவிதான் வேண்டும். டிரெமல் மாதிரிச் சுழல் கருவியில் வைரப் பூச்சு வட்டு மாட்டலாம். நீளமான ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (வளையும் தண்டு) இருந்தால் மோட்டாரைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அறுக்கும் முன் பவளத்தைத் தட்டில் கொஞ்ச நேரம் விட்டு, சதை முழுக்க உள்ளே சுருங்கியதும், உயிருள்ள பகுதிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வட்டை வைக்கிறேன். பால் போல வெள்ளைத் தண்ணீர் ஓடும், கூடவே கோழையும் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலை கிடையாது. சத்தமும் சும்மா இல்லை. பக்கத்து வீட்டார் முகத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். இன்னொன்று, தொட்டி சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டு 26 டிகிரியில் இருந்தாலும், இந்த ஊர் வெயிலுக்குத் தட்டுத் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். அடிக்கடி மாற்றுங்கள்.

தண்ணீர் ஓட ஓட அறுக்கும் வைர பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வெட்டு நேராக, சுத்தமாக வருகிறது, மூளைப் பவளங்களைக்கூடப் பாலிப்புகளுக்கு (பவளத்தின் தனித்தனி உயிர்களுக்கு) இடையில் பிரித்துவிடலாம். ஆனால் வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை நியாயமில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் சரி.

கல் கூடு இல்லாத சோவாந்திட், காளான் பவளம், லெதர் பவளம் எல்லாவற்றுக்கும் ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி). 3ஆம் எண் கைப்பிடி, 10 அல்லது 11ஆம் எண் பிளேடு. பிளேடைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாக்காமல் தூக்கிப் போட்டுவிடலாம் என்பதே இதன் சுகம். சோவாந்திட் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டிப் பவளத்தின் நஞ்சைச் சுவாசித்து ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சுழல் கருவியால் அறுத்துத் துளி பறக்க விடக் கூடாது, அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடவும் கூடாது.

இவ்வளவு பேசிவிட்டுப் பசையை விட முடியாது. கருவிகளைவிட அதிகம் செலவாவது அதுதான். சயனோஅக்ரிலேட் ஜெல் மட்டும் வாங்குங்கள், தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூ உதவாது. பெரிய பாட்டில் லாபம் போலத் தெரியும், ஆனால் பாதி தீரும் முன் மூக்கு அடைத்துக் கெட்டியாகிவிடுகிறது. சிறிய டியூபுகள்தான் எனக்குக் கட்டுப்படியாகின்றன. எபாக்ஸி களிமண் பெரிய துண்டுகளுக்குச் சரி, ஆனால் அதைப் போட்ட அன்று ஸ்கிம்மர் (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) பொங்கி வழியும். காளான் பவளத்துக்கு எந்தப் பசையும் நிற்காது, கோழை விட்டு நழுவிவிடும். சிறு கற்கள் பரப்பிய டப்பாவில் விட்டு, மேலே வலை கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். தானாகக் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஃப்ராக்கை ஒட்டும் சிறு அடிக்கட்டையான பிளக், செராமிக்கா அரகோனைட்டா (சுண்ணாம்புக் கனிமம்) என்று நிறைய விவாதம் நடக்கிறது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளியிலிருந்து வாங்கிய ஃப்ராக்கின் பிளக்கை மட்டும் கட்டரால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுகிறேன். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவின் முட்டைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மருந்துத் தண்ணீரில் முக்கினாலும் முட்டை சாகாது.