ஃபண்ட் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: என்.ஏ.வி. கட்டம் ஏன் காலியாகிறது?

கூகுள் ஷீட்ஸ் இலவசம், மொபைலிலும் திறக்கும். ஆனால் மியூச்சுவல் ஃபண்டுக்கு, விலையைத் தானே இழுத்துவரும் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலாவை மட்டும் நம்பக்கூடாது. பங்கு விலைக்கு அது போதும். ஃபண்டுக்கு, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளம் தினமும் தரும் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) கோப்பை ஒரு தனி ஷீட்டில் ஒட்டி, அதில் தேடி எடுக்கும் வி-லுக்அப் ஃபார்முலாவைப் போடுவதே உத்தமம்.

அந்தக் கோப்பில் தகவல்களைப் பிரிப்பது கமா அல்ல, அரைப்புள்ளி. பிரிக்காமல் ஒட்டினால் ஒரு வரி முழுக்க ஒரே கட்டத்தில் அடைந்துவிடும், எதுவும் கிடைக்காது. பிரித்த பிறகும் பிழை வந்தால் ஒவ்வொரு ஃபண்டுக்கும் உள்ள அடையாள எண்ணான ஸ்கீம் கோடைப் பாருங்கள். இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் நின்றால் எண், இரண்டும் பொருந்தாது. எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ ஃபார்முலா சரிசெய்யும். ஒரே ஃபண்டின் டைரக்ட் (நேரடியாக வாங்குவது), ரெகுலர் (முகவர் வழி வாங்குவது) இரண்டுக்கும் கோடு வேறு. குழப்பமா? ஃபண்ட் முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் அனுப்பும் ஸ்டேட்மெண்ட்டில் ஐ.என்.எஃப். என்று தொடங்கும் ஐசின் என்ற அடையாளக் குறியீடு இருக்கும், அதை வைத்துத் தேடலாம்.

வி-லுக்அப் கடைசியில், சரியாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கச் சொல்லும் ஃபால்ஸ் போட மறந்தால் இன்னும் மோசம்: பிழையே காட்டாமல் வேறொரு ஃபண்டின் விலை வந்து உட்காரும். இஃப்எரர் ஃபார்முலா போட்டு பிழையைப் பூஜ்யமாக்குவதும் வேண்டாம்; மொத்தம் சத்தமில்லாமல் குறையும், பிழை சிவப்பாகக் கத்துவதே மேல்.

வெளிநாட்டு ஃபண்டுகளில் முதலிடும் ஃபண்டுகளின் என்.ஏ.வி. அன்றிரவே வராது, தாமதமாகத்தான் வரும். இரவு பழைய தேதி தெரிந்தால் ஃபார்முலாவைத் தோண்ட வேண்டாம்.