சிம் உங்கள் பெயரில் இல்லை என்றால் அந்த மோடத்தை வாங்காதீர்கள்

ஃபைபர் வராத இடத்தில் எங்கள் வீடு. வரும் என்று சொல்லவும் ஆள் இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்போன் டவர் நிற்கிறது, இரவில் மொட்டை மாடியில் ஏறினால் அதன் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, இரண்டும் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. போன் கொதிக்கும், அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடும், யாராவது ஒருவர் மற்றவருக்காக வேலையை நிறுத்த வேண்டும். இந்த நிலையில் இருக்கும் வீடுகளைத் தேடித்தான் அந்த ஆள் வந்தார். உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம் என்பதால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு "முழு செட்". சிம் போடும் 4ஜி மோடம், மாடியில் மாட்டும் ஆன்டெனா, 15 மீட்டர் கேபிள், அதோடு "அளவே இல்லாத" டேட்டா சிம். ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். காலை 11 மணிக்கு வந்தார், தன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார், ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினார். 38 எம்பிபிஎஸ். "போன்லயே இவ்வளவுன்னா ஆன்டெனா மாட்டினா இன்னும் எவ்வளவு வரும்னு பாருங்க சார்" என்றார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான், பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

அந்த ஒரு டெஸ்டில் நான் கவனிக்காமல் விட்டது மூன்று விஷயம். நேரம், அந்த போன், அந்த சிம்.

முதலில் நேரம். டவரில் இருக்கும் அலைவரிசை அந்தச் சுற்றுவட்டாரம் முழுமைக்கும் பொது. வேலை நாளில் காலை 11 மணிக்கு அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் குறைவு. இரவு 8 மணிக்கு எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும். மோடம் மாட்டிய அன்று இரவு எனக்கு வந்தது 0.9 எம்பிபிஎஸ். முதல் நாள் அப்படித்தான் இருக்கும், "செட்டாக" இரண்டு நாள் ஆகும் என்றார். இரண்டு வாரம் குறித்து வைத்தேன். காலையில் 4 அல்லது 5 எம்பிபிஎஸ், மாலை ஆறரைக்கு மேல் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியதே இல்லை, நள்ளிரவுக்குப் பிறகு மறுபடி 5. மோடம் செட்டாவது என்று ஒன்றும் கிடையாது. கூட்டம் இருக்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று நெட்வொர்க்கில் வரிசை உண்டு, சில வகை சிம்கள் அந்த வரிசையில் கடைசியில் நிற்கும். எனக்குக் கொடுத்தது அந்த வகை.

அடுத்தது அந்த போன். காலையில்கூட அவருக்கு 38 வந்த அதே இடத்தில் மோடத்துக்கு ஏன் 5 தான் வருகிறது? இதற்கு விடை கிடைக்க ஒரு மாதம் ஆனது. நெட்வொர்க் வேலை தெரிந்த உறவுக்காரப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "மாமா, இதுல 700 பேண்டே இல்ல" என்றான். பேண்ட் என்றால் சிக்னல் வரும் அலைவரிசை. எங்கள் டவர் 700 மெகாஹெர்ட்ஸிலும் 1800 மெகாஹெர்ட்ஸிலும் ஒளிபரப்புகிறது. குறைந்த அலைவரிசைதான் தூரம் போகும், மரங்களையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். அந்த ஆளின் போன் இரண்டு பேண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துச் சேர்த்து ஓட்டுகிறது. மோடமோ வேறு பிராந்தியத்துக்காகச் செய்யப்பட்ட மாடல், பேண்ட் 28 என்கிற அந்த 700 அதில் கிடையவே கிடையாது. தூரத்தில் தேய்ந்துபோய் வரும் 1800-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அதுபோக அது கேட்டகரி 4 மோடம், கேட்டகரி என்பது மோடத்தின் திறனைச் சொல்லும் எண். பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது ஒரே ஒரு பேண்டில் எல்லாம் கச்சிதமாக இருந்தால் எட்டக்கூடிய உச்சம். இரண்டு பேண்டைச் சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் பொதுவாகக் கேட்டகரி 6 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

வாங்குவதற்கு முன் மாடலின் எண்ணைத் தேடி, அது எந்தெந்த பேண்டை ஏற்கும் என்ற பட்டியலையும், உங்கள் டவர் எந்த பேண்டில் வருகிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டவரின் பேண்டைக் காட்ட போனுக்கு இலவச ஆப்கள் இருக்கின்றன. பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

ஆன்டெனா கதை இதைவிட மோசம். மோடத்தின் பின்னால் ஆன்டெனா மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. 4ஜி இரண்டு ஆன்டெனாவில் இரண்டு தனித்தனி ஓடைகளாக டேட்டாவை வாங்கும், அதற்காகத்தான் இரண்டு. அவர் ஒரே ஆன்டெனாவை ஒரே கேபிளில் கொண்டுவந்து ஒரு துளையில் மட்டும் செருகிவிட்டுப் போனார். இரண்டாவது துளை காலியாகவே கிடந்தது. சரி, அந்த ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்ததா? கேபிள் மெல்லிய ஆர்ஜி-58. சிக்னல் கூடுவதையும் குறைவதையும் டிபி (டெசிபல்) என்ற அலகில் அளப்பார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அந்த வகைக் கேபிள் மீட்டருக்கு 1 டிபிக்குச் சற்றுக் குறைவாகத் தின்னும், 15 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 12 டிபிக்கு மேல் போய்விடும். ஆன்டெனாவின் மேல் எழுதியிருந்த பலம் 9 டிபி. அதாவது மாடியில் அந்த ஆன்டெனா கூட்டித் தந்ததைவிடக் கேபிளில் போனது அதிகம். 10 டிபி என்றால் பத்து மடங்கு, சின்ன எண் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு மோடத்தை மாடிப்படி அறையின் ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். ஸ்பீடு கூடியது. பணம் கொடுத்து மாட்டிய பொருளைக் கழற்றியதும் நெட் நன்றாக வருகிறது என்பதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய அடி ஒன்பதாவது வாரம் விழுந்தது. மகளுக்கு அன்று ஆன்லைன் தேர்வு. ஜன்னல் ஓரத்தில் மோடத்தை வைத்து, வீட்டில் வேறு யாரும் நெட் தொடாமல், அவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டது. மோடத்தில் சிக்னல் கட்டைகள் முழுசாக இருக்கின்றன, நெட் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டோம், சிம்மைக் கழற்றி மாட்டினோம், எதற்கும் மசியவில்லை. அவள் அழுதுகொண்டே என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி உள்ளே நுழைவதற்குள் நேரம் முடிந்திருந்தது.

சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தேன். அந்தப் பெண் பொறுமையாகவே பேசினார். "சார், இந்த நம்பர் உங்க பேர்ல இல்ல. யார் பேர்ல இருக்குன்னு நாங்க சொல்ல முடியாது. விதிமீறலுக்காக நிறுத்தியிருக்கோம்." அதோடு முடிந்தது. இரண்டு மாதமாக நான் பணம் கட்டிப் பயன்படுத்திய இணைப்பில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு நிறுவனத்தின் பெயரில் கொத்தாக சிம் வாங்குகிறார்கள், பெரும்பாலும் டேப்லெட்டுக்கோ போனுக்கோ என்று கொடுக்கப்படும் சிம். அதை மோடத்தில் போட்டு வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் இருக்கிறது, அதன் முதல் 8 இலக்கங்களை வைத்தே அது எந்த மாடல் என்று நெட்வொர்க்குக்குத் தெரிந்துவிடும். டேப்லெட் சிம் மோடத்தில் கிடக்கிறது, மாதம் நூற்றுக்கணக்கான ஜிபி போகிறது என்றால் கம்பெனி ஒரு நாள் கண்டுபிடித்து வெட்டும். எப்போது வெட்டும் என்பது மட்டும்தான் தெரியாது. விற்றவருக்கு இது முதல் நாளே தெரியும். அதனால்தான் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார்.

நான்கு நாள் போனை எடுக்காதவர் ஐந்தாம் நாள் எடுத்தார். மன்னிப்பும் இல்லை, பணத்தைத் திருப்பும் பேச்சும் இல்லை. வேறு சிம் தருகிறேன், மோடத்தின் ஐஎம்இஐ-யை டேப்லெட்டின் எண்ணாக மாற்றிவிட்டால் இனி பிரச்சினை வராது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். பல நாடுகளில் அது குற்றம். மாட்டினால் கருவியை வைத்திருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், அவரில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் இப்படிக் கேட்டால், "சும்மா ஒரு செட்டிங்தான் சார்" என்று எவ்வளவு இலகுவாகச் சொன்னாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மோடமாவது மிஞ்சியதே, சொந்த சிம்மைப் போடலாம் என்று பார்த்தால் அதுவும் பூட்டப்பட்டது. வேறு கம்பெனி சிம்மை ஏற்கவில்லை. ரசீதில் மாடல் எண் இல்லை, "இன்டர்நெட் செட் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது, கீழே பொடி எழுத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பியதால் பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் சுருங்கிவிட்டது. கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் தகராறு எழுப்பிப் பார்த்திருக்கலாம். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு பொய்யும் சொல்லியிருந்தார். வெளியூரில் இருந்தபடி வீட்டு கேமராவைப் பார்க்கலாம் என்று. செல்போன் நெட்வொர்க்கில் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, பலருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள், வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டு ரூட்டருக்குள் வர முடியாது. மோடத்தில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இந்த ஏற்பாடுதான் என்று புரிந்துகொள்ளுங்கள். தானே வெளியே போய்த் தன் சர்வரோடு இணைந்துகொள்ளும் கேமரா என்றால் வேலை செய்யும், மற்றது செய்யாது.

இப்போது எங்கள் வீட்டில் நெட் இருக்கிறது, அதே டவரிலிருந்துதான். செல்போன் மோடமே ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை, ஃபைபர் இல்லாத வீட்டுக்குப் பல நேரம் அதுதான் ஒரே வழி. இந்த முறை சிம் என் பெயரில், கம்பெனியின் அலுவலகத்துக்கே போய், "மோடத்தில் போடத்தான் வாங்குகிறேன், இந்தத் திட்டத்தில் அனுமதி உண்டா" என்று கேட்டு, எழுத்தில் வாங்கினேன். அளவு எவ்வளவு, தாண்டினால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பின்னால் பல சமயம் ஒரு எண் ஒளிந்திருக்கும். அது தீர்ந்ததும் 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால் ஒரு எம்பி இறங்கவே ஒரு நிமிடம் ஆகும், அதில் வகுப்பு நடக்காது. தெளிவான எச்டி வீடியோ மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், தினம் இரண்டு மணி நேரம் என்றால் அதுவே மாதம் 180 ஜிபி. உங்கள் வீட்டுக் கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கருவி வாங்கும் முன் அந்த சிம்மை என் போனில் போட்டு ஒரு வாரம் மாடியில் இரவு 8 மணிக்கு டெஸ்ட் செய்தேன். வேகத்தை மட்டும் பார்க்கவில்லை, ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணையும் எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணையும் குறித்தேன். முதலாவது சிக்னலின் பலம், மைனஸில் வரும், -90 என்றால் நல்லது, -110-க்குக் கீழே போனால் திணறும். இரண்டாவது சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது, 0-க்குக் கீழே போனால் கட்டைகள் நிறைய இருந்தும் நெட் நகராது. என் மாடியில் -97, எஸ்ஐஎன்ஆர் 11. வீட்டுக் கூடத்தில் -113. அதனால் மாடியிலேயே வெளியில் மாட்டும் வகை மோடம் வாங்கினேன், ஆன்டெனாக்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன, கீழே வருவது சாதாரண ஈதர்நெட் கேபிள்தான், மின்சாரமும் அதிலேயே மேலே போகிறது. ஈதர்நெட் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் வரும், அந்த 15 மீட்டர் கேபிள் தின்ற கதை இங்கே இல்லை. இரவில் 9, 10 எம்பிபிஎஸ் வருகிறது. பெரிய வேகம் இல்லை, ஆனால் மகள் வகுப்பில் இருக்கும்போதே மனைவியும் வேலை பார்க்க முடிகிறது.

போன வாரம் அதே ஆள் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவரிடம் வந்திருக்கிறார். அதே பெட்டி, அதே காலை 11 மணி, அதே போன். பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் போவதற்குள் அந்த ஆள் கிளம்பியிருந்தார், மறுநாள் பணம் வாங்க வருவதாக ஏற்பாடு. இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன், சிம் என் பெயரில் கிடைக்குமா, இரவு 8 மணிக்கு வந்து இந்த மோடத்திலேயே ஸ்பீடு டெஸ்ட் காட்டுவீர்களா என்று. பெரியவர் போன் செய்து கேட்டிருக்கிறார். கட்டாயம் வருகிறேன் என்றாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்பதரை வரை மாடியில் உட்கார்ந்திருந்தோம், யாரும் வரவில்லை.